மலர்விழிக்குக் கோபம் வந்த கதை

செல்வலட்சுமிக்கு நாற்பத்திரண்டு வயது. அவள் குரலுக்கு மட்டும் பத்து வயது. அது ஏன் வளராமல் நின்றுவிட்டது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, அவளும் போய்க் கேட்கவில்லை. போனில் யார் கூப்பிட்டாலும், "பாப்பா, போனை அம்மாகிட்ட குடும்மா" என்பார்கள். ஆரம்பத்தில் வாய் வலிக்க விளக்கம் சொன்னாள். பிறகு அதிலிருக்கும் வசதியைக் கண்டுகொண்டாள். லோனு வேண்டுமா என்று கேட்டுக் கூப்பிடுகிறவர்களிடம், "அம்மா குளிக்கப் போயிருக்காக மாமா" என்று சொல்லி வைத்துவிடுவாள். ஐந்து வருஷமாக அந்த அம்மா குளித்து முடிக்கவில்லை.

திருச்சுழியில் தாலுகா ஆபீசுக்கு வருகிறவர்கள் ஆதார், பட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் நகல் எடுக்க அவளுடைய ஜெராக்ஸ் கடைக்குத்தான் வருவார்கள். இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. காலில் இரும்புப் பட்டை போட்ட ஷூ, கக்கத்தில் ஒரு கட்டை, வாசலில் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். கடையில் அவள் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. "பாவம், இந்த நெலமையிலயும் ஒழைச்சுச் சாப்புடுது பாரு" என்று யாராவது சொல்லிவிட்டால், அவர்களுடைய காகிதம் வரிசையில் கடைசிக்குப் போய்விடும். ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று கேட்டால், "மிஷினு சூடாகிருச்சுண்ணே, பாவம்" என்பாள்.

ஹெப்சிபா அந்தக் கடைக்கு வந்தது பட்டா மாறுதல் விஷயமாக. பூர்வீகம் திருச்சுழிப் பக்கம், வேலை மதுரையில். கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவள் காதில், மிஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பிள்ளை யாரையோ வறுத்தெடுப்பது கேட்டது.

"ஏண்ணே, நேத்து ரெண்டு பக்கமும் ஒரே பக்கத்துல வேணும்னீக. எடுத்துக் குடுத்தேன். இன்னைக்கு அந்த ஒரு பக்கத்தை ரெண்டு பக்கமா வேணுங்கிறீக. நாளைக்கு வந்து ஆதாரே வேணாம், ஆளை அப்படியே ஜெராக்ஸு எடுத்துக் குடுன்னு கேப்பீகளா?"

பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளையைக் கடையில் வைத்திருக்கிறார்களே என்று ஹெப்சிபா எட்டிப் பார்த்தாள். நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக செல்வலட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் குறைந்ததும் ஹெப்சிபா பக்கத்தில் வந்தாள். "அக்கா, நாங்க டிவிக்கு கார்ட்டூன் தொடர் எடுக்குறோம். எல்லா விதமான பிள்ளைகளும் அதுல இருக்கணும், யாரும் விட்டுப்போகக் கூடாதுன்னு எங்க டைரக்டருக்கு ஆசை. அதுல வீல்சேர்ல வர்ற பிள்ளைக்கு ஆறு மாசமா குரல் தேடுறோம். நீங்க பேசுறீகளா?"

செல்வலட்சுமி கண்ணாடியை மேலே தூக்கினாள். "குரலைக் கேட்டுக் கேக்குறியா, காலைப் பாத்துக் கேக்குறியா?"

"கேட்டப்ப காலைப் பாக்கலக்கா. பாத்ததும், டைரக்டரு சந்தோசத்துல அழுதுருவாருன்னு தோணுச்சு."

மறைக்காமல் சொன்ன அந்தப் பதில் செல்வலட்சுமிக்குப் பிடித்துவிட்டது. ஹெப்சிபாவின் காகிதத்தை முதலில் எடுத்துக் கொடுத்தாள்.

மதுரைக்குப் போன நாளில் கம்பெனிக் காரு வேண்டாமென்று சொல்லிவிட்டு, தம்பி ஜெகதீஸ்வரனின் குட்டியானை லோடு வண்டியில் ஏறினாள். அவன் அருப்புக்கோட்டையில் லோடு அடிக்கிறவன். போன இடத்தில் நடமாட வேண்டுமே என்று ஸ்கூட்டரையும் பின்னால் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பாலையம்பட்டி தாண்டும்போது டீக்கடையில் நின்ற ஒருவர் அதைப் பார்த்துக் கும்பிட்டார். சப்பரம் என்று நினைத்திருப்பார் போல.

ஸ்டுடியோ வாசலில் பெரிய படம் ஒட்டியிருந்தார்கள். "எல்லாரும் ஒரு தெரு" என்று தொடரின் பெயர் வண்ண வண்ண எழுத்தில் இருந்தது. கீழே ஏழு பிள்ளைகள். நடுவில் வீல்சேரில் மலர்விழி என்ற பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்தப் படத்தை ஒட்டியே மாடிப்படி ஏறியது. ஸ்டுடியோ இரண்டாவது மாடி. லிப்ட் கிடையாது.

டைரக்டர் மாதவன் படபடவென்று இறங்கி வந்தார். முப்பது வயது, நல்ல மனசு, எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிற சுபாவம். படியையும் பார்த்தார், செல்வலட்சுமியையும் பார்த்தார், சுவரிலிருந்த படத்தையும் பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

"மேடம், இதை நான் யோசிக்கவே இல்ல. ஒண்ணும் பிரச்சனை இல்ல. நாலு பேர் சேர்ந்து நாற்காலியோட தூக்கிடுவோம்."

"நாலு பேரு தூக்குறதுக்கு இன்னும் நாளு கெடக்கு தம்பி" என்றாள் செல்வலட்சுமி. "இப்பவே என்ன அவசரம்?" படத்தைக் கட்டையால் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பிள்ளைய எப்புடி மேல கொண்டு போனீக?"

"அவளை... மேலதான் வரைஞ்சோம்" என்றார் மாதவன்.

கீழே எங்காவது சத்தமில்லாத இடம் கிடைக்குமா என்று தேடினார்கள். ஒரு பக்கம் வெல்டிங் பட்டறை, இன்னொரு பக்கம் கோழிக்கடை. கடைசியில் ஜெகதீஸ்வரன்தான் வாயைத் திறந்தான்.

"அருப்புக்கோட்டையில நம்ம காளீஸ்வரன் முதலாளி பஞ்சு குடோன் இருக்கு சார். ரோட்டு மட்டத்துக்கே இருக்கும். உள்ள நின்னு கத்துனா ஒரு பொட்டு சத்தம் வெளிய கேக்காது, வெளிச் சத்தமும் உள்ள வராது."

"அது எப்படித் தெரியும்?"

"ரெண்டு தடவ உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாக சார். கத்திப் பாத்திருக்கேன்."

அப்படித்தான் மதுரைக் கம்பெனியின் கார்ட்டூன் தொடர் அருப்புக்கோட்டைப் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே பதிவாக ஆரம்பித்தது. ஒலிப்பதிவு செய்கிறவர் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, ஸ்டுடியோவை விட இங்கே நன்றாக இருக்கிறது என்றார். ஒரே தொந்தரவு, பஞ்சுத் தூசியில் செல்வலட்சுமிக்குத் தும்மல் வந்துகொண்டே இருந்தது. நாலு நாள் வெட்டி வெட்டி எடுத்துப் பார்த்து ஓய்ந்துபோய், மலர்விழிக்கும் அடிக்கடி தும்மல் வருவதாக வரைந்துவிட்டார்கள்.

தும்மலைச் சேர்த்துக்கொண்டவர்களால் வசனத்தைச் சரிசெய்ய முடியவில்லை. முதல் வசனம் இப்படி இருந்தது: "நண்பர்களே, என்னால் ஓட முடியாவிட்டாலும் உங்கள் வெற்றிக்காகக் கைதட்ட முடியும்!" செல்வலட்சுமி ஏழு முறை சொன்னாள். ஏழு முறையும் ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்வது போலத்தான் வந்தது.

"தம்பி, இந்தப் பிள்ளைக்குக் கோவமே வராதா?"

"அவ ரொம்ப பாசிட்டிவ் அக்கா. எல்லாருக்கும் நம்பிக்கை கொடுக்குறவ." மேடம் இரண்டாம் நாளே அக்கா ஆகியிருந்தது.

"பதிமூணு கதையையும் நேத்து வாசிச்சேன். பதிமூணுலயும் ஓரமா இருந்து கைதட்டுறா. கை வலிக்காதா அவளுக்கு? எங்க பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழா அன்னைக்கு என்னைய செருப்புக்குக் காவல் வைப்பாக. எல்லாப் பிள்ளைகளும் ஓடும், நான் நாப்பது ஜோடிச் செருப்ப வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அன்னைக்கு நான் ஒருத்தருக்கும் கைதட்டல. இடது செருப்பையெல்லாம் ஒரு பக்கமும் வலது செருப்பையெல்லாம் இன்னொரு பக்கமும் கலைச்சுப் போட்டேன். வீட்டுக்குப் போக எல்லாருக்கும் ஒரு மணி நேரம் ஆச்சு."

ஒலிப்பதிவுக்காரர் சிரித்துவிட்டார். மாதவன் சிரிக்காமல் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வீல்சேர்ப் பிள்ளை, காது மிஷின் போட்ட பையன், பள்ளிவாசல் தெருப் பையன், சர்ச் தெருப் பிள்ளை, குண்டுப் பையன், கறுப்பான பிள்ளை, அம்மா இல்லாத பையன் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட்டிருந்தது.

"யாரையும் விடலக்கா. பாருங்க."

செல்வலட்சுமி தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குக் காகிதம் பார்த்துப் பழக்கம். "ரேஷன் கார்டுல பேரு சேத்த மாதிரி சேத்திருக்கீக. ஏழு பேரும் இருக்காக, ஆனா சாமான் வரலையே? இந்தக் குண்டுப் பையனுக்குத் திங்கிறதைத் தவிர வேற சோலி இல்லையா? காது மிஷின் பையன் மூணு கதையா ஒரு வார்த்தை பேசல. அவனுக்குக் காதுதான கேக்காது? வாய்க்கு என்ன?"

மாதவன் பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்தார். அது அவரை இடுப்பு வரைக்கும் உள்ளே வாங்கிக்கொண்டது. "அப்ப நீங்களே சொல்லுங்க. உங்க பத்து வயசுல நீங்க எப்படி இருந்தீங்க?"

அப்போதுதான் அவள் வெள்ளரிப்பிஞ்சுக் கதையைச் சொன்னாள்.

அவர்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் வற்றியதும் முத்துராமலிங்கம் என்பவர் உள்ளே வெள்ளரி போடுவார். அவளுக்கு அந்த வருஷம்தான் விருதுநகர் முகாமில் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிள் கொடுத்திருந்தார்கள். ஊரில் வேறு எந்தப் பிள்ளைக்கும் வண்டி கிடையாது. அன்று வரை அவளை ஆட்டத்தில் சேர்க்காதவர்களெல்லாம் மறுநாளிலிருந்து வண்டியின் பின்னால் தொங்க இடம் கேட்டு அவளைக் கெஞ்சினார்கள். யாரை ஏற்றுவது, யாரை இறக்கிவிடுவது என்பதெல்லாம் அவள் இஷ்டம்தான். ஒரு மத்தியானம் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கண்மாய்க்குப் போனாள். அவர்கள் மடி நிறையப் பிஞ்சு பறித்து வந்தபோது முத்துராமலிங்கம் கரையில் ஏறிவிட்டார். ஓட நேரமில்லை. பிஞ்சையெல்லாம் தரையில் கொட்டி, செல்வலட்சுமியைத் தூக்கி மேலே உட்கார வைத்து, பாவாடையை விரித்துவிட்டார்கள்.

"அவரு வந்து எல்லாப் பயலையும் தடவிப் பாத்தாரு. மடியை உதறச் சொன்னாரு. என்னைய மட்டும் எந்திரின்னு சொல்லல. எந்திரின்னு எப்புடிச் சொல்வாரு? பக்கத்துல உக்காந்து, 'பாவம் பிள்ளை, இந்தக் களவாணிப் பயகளோட சேராத தாயி'ன்னு அரை மணி நேரம் புத்தி சொன்னாரு. அடியில பிஞ்சு முள்ளு முள்ளாக் குத்துது. நான் கண்ணுல தண்ணியோட தலைய ஆட்டுனேன். நான் மனசு உருகி அழுகுறேன்னு நெனச்சு, அவரு மடியிலருந்து ரெண்டு பிஞ்சு எடுத்து வேற கையில குடுத்துட்டுப் போனாரு."

குடோனே சிரித்தது. மாதவன் மூட்டைக்குள்ளிருந்து எழுந்திருக்க முடியாமல் சிரித்தார். ஜெகதீஸ்வரன்தான் அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். வெளியே வந்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது.

"அக்கா, சேனல்ல ஒத்துக்க மாட்டாங்க. மாற்றுத்திறனாளிப் பிள்ளை திருடுறதாக் காட்டினா தப்பாப் போயிடும்."

"கூட இருக்குற அஞ்சு பேரு திருடுனா?"

"அது குறும்புன்னு எடுத்துக்குவாங்க."

"அப்ப இதையும் குறும்புன்னே எடுத்துக்கச் சொல்லுங்க."

மாதவன் இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தார் என்று ஹெப்சிபா சொன்னாள். மூன்றாம் நாள் அந்தக் கதையை எழுதி, படமாக வரைய ஆரம்பித்தார்கள். வீல்சேர் போய் மூன்று சக்கர சைக்கிள் வந்தது. சேனல்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: பழைய கதை ஒன்று, புதிய கதை ஒன்று, இரண்டையும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிவிட்டு முடிவு செய்யலாம்.

பாலவனத்தம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏற்பாடு ஆனது. அறுபது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். செல்வலட்சுமி கடைசியில் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கடையில் எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறாள். இந்த அறுபது பேர் என்ன சொல்வார்களோ என்றுதான் தெரியவில்லை.

முதலில் பழைய கதை. மழை பெய்து ஓய்ந்த கரிசல் காட்டில் மலர்விழியின் வீல்சேர் சல்லென்று போனது. முன்வரிசையில் ஒரு பையன் எழுந்துவிட்டான். "ஏலே, கரிசல்ல சக்கரம் போகுது பாருங்கலே! ஒரு பொட்டு மண்ணு ஒட்டல!" அறுபது பேரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் அதுவல்ல. மலர்விழி மூன்றாவது தடவை கைதட்டியபோது பாதிப் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் தண்ணீர் தாகம் எடுத்தது.

அடுத்தது புதிய கதை. வண்ணம்கூட முழுதாகத் தீட்டவில்லை. பல இடத்தில் வெறும் பென்சில் கோடுதான். மூன்று சக்கர சைக்கிள் சேற்றில் புதைந்தது. பின்னால் தொங்கியவர்களைப் பார்த்து மலர்விழி, "எறங்குங்கடா தடிமாடுகளா! இது என் வண்டி!" என்று கத்தித் தும்மினாள். பிள்ளைகள் திரும்ப உட்கார்ந்தார்கள். காது மிஷின் பையன் ஒரு நாயோடு காவலுக்கு நின்றான். தோட்டக்காரர் திட்டத் தொடங்கியதும் மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சிரித்தான். தோட்டக்காரர் மலர்விழியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏன் தாயி ஒரு மாதிரியா இருக்க, எந்திரிச்சு வீட்டுக்குப் போகலாம்ல?" என்று கேட்டபோது, அறையில் முதலில் ஒரு குரல், பிறகு பத்து, பிறகு அறுபதும் சேர்ந்து கூச்சல் போட்டது.

"எந்திரிக்காத! எந்திரிக்காத!"

செல்வலட்சுமி எதையோ தேடுவது போலக் குனிந்து கைப்பையைத் துழாவினாள். கண்ணாடி மங்கியிருந்தது. வாழ்நாள் முழுக்க அவளைப் பார்த்து எல்லாரும் எழுந்து நிற்க உதவி செய்யத்தான் ஓடி வந்திருக்கிறார்கள். எழுந்திருக்காதே என்று இத்தனை பேர் பதறியது அதுதான் முதல் தடவை.

அந்தப் பள்ளியில் சத்யபிரியா என்று நாலாம் வகுப்புப் பிள்ளை, செல்வலட்சுமியைப் போலவே காலில் இரும்புப் பட்டை போட்டவள். மாதவன் அந்தப் பிள்ளை முன் மண்டியிட்டு உட்கார்ந்தார். குரல் தழுதழுத்தது. "உனக்கு ரொம்பப் பிடிச்சது எதும்மா?"

"அந்த நாயி" என்றாள் சத்யபிரியா.

"நாயா? சரி... மலர்விழி?"

"அந்தக்காவுக்கு வெவரம் பத்தல சார். வெள்ளரிப்பிஞ்ச அப்புடியே போட்டு உக்காந்தா உருளும்ல? மொதல்ல மேல மண்ணள்ளிப் போட்டுட்டுத்தான் உக்காரணும். நாங்க அப்புடித்தான் செய்வோம்."

பக்கத்தில் நின்ற டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினார். மாதவன் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். செல்வலட்சுமி அந்தப் பிள்ளையைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷமாகத் தன்னுடையதுதான் உலகத்திலேயே சிறந்த திருட்டு என்று நினைத்திருந்தவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சேனல் ஒத்துக்கொண்டது. தொடர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. அதன் பிறகு தாலுகா ஆபீசுக்கு வந்த பிள்ளைகள் கடை வாசலில் நின்று, "மலர்விழி மாதிரி ஒருக்காத் திட்டுங்கக்கா" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவள் எப்போதும் போலத்தான் திட்டினாள். லோனுக்காரர் ஒருவர் மட்டும் போனில் குரலைக் கேட்டதும், "பாப்பா, நீ டிவியில வர்ற பிள்ளையா?" என்று கேட்டு, லோனை மறந்து தன் மகளிடம் போனைக் கொடுத்தார்.

வெள்ளரிக் கதை வந்த மறுநாள், முத்துராமலிங்கம் பஸ்ஸு பிடித்துக் கடைக்கு வந்தார். இப்போது எழுபத்தெட்டு வயது, கையில் தடி. கடை முன் வந்து நின்று அவளையே பார்த்தார். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது.

"ஏத்தா செல்வம். அன்னைக்கு நீ எம்புட்டு மேல உக்காந்திருந்த?"

அவள் மிஷினை நிறுத்தினாள். "ஒரு அம்பது, அறுவது பிஞ்சு இருக்கும் மாமா."

"நான் பரிதாபப்பட்டு ரெண்டு குடுத்தேனே?"

"அதையும் தின்னுட்டேன் மாமா."

கிழவர் தடியைத் தரையில் ஊன்றி, தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து இருமி, ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளும் சிரிக்கத் துணிந்த நேரத்தில் அவர் முகம் சட்டென்று மாறியது.

"அது கெடக்கட்டும். டிவியில என்னைய ஏன் இம்புட்டுக் குண்டாப் போட்டிருக்கீக? பேரன் பேத்தியெல்லாம் கேலி பண்ணுதுக. எனக்கு எந்தக் காலத்துலத்தா தொப்பை இருந்துச்சு? மீசையும் நல்லால்ல."

"அது வரையிறவுக கைவேலை மாமா, நான் வெறும் குரலுதான்."

"அவுகளுக்குப் போனைப் போடு. நான் பேசுறேன்."

போட்டுக் கொடுத்தாள். அவர் இருபது நிமிஷம் மாதவனிடம் தன் இளவட்ட வயசு உடம்பைப் பற்றிப் பேசினார். பின்னால் வந்த கதைகளில் தோட்டக்காரர் மெலிந்து, மீசை முறுக்கேறி, பார்க்க அம்சமாகிவிட்டார். ஏன் என்று பார்த்தவர்கள் யாருக்கும் புரியவில்லை.

இரண்டாவது வருஷத்துக்குத் தொடரை நீட்டினார்கள். மாதவன் கீழ்த்தளத்திலேயே ஸ்டுடியோ பிடித்துவிட்டார். ஆனாலும் சத்தம் சரியில்லை என்று ஒலிப்பதிவுக்காரர் அடம்பிடிக்க, பாதி வேலை பஞ்சு குடோனில்தான் நடந்தது. ஒருநாள் மாதவன் புதிய தாளோடு கடைக்கே வந்தார்.

"அக்கா, இந்த வருஷம் கண்ணு தெரியாத ஒரு பையனைச் சேர்க்குறோம். அவன் எப்படி இருக்கணும்னு நீங்க சொல்லணும்."

"என்கிட்ட ஏன் கேக்குறீக? எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே."

"இல்லக்கா, உங்களுக்கு அந்தக் கஷ்டம்..."

"எனக்கு என் கால் கதை தெரியும். அடுத்தவுக கண்ணு கதை எனக்கெப்படித் தெரியும்?" போனை எடுத்தாள். "அருப்புக்கோட்டையில அய்யப்பன் சாருன்னு வரலாறு வாத்தியாரு இருக்காக. பிறவியிலருந்தே பார்வை இல்ல. பொய் சொல்ற பயல காலடிச் சத்தத்துலயே பிடிச்சிருவாக. அவுகளக் கேளுங்க."

எண்ணைப் போட்டு, எல்லாரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். மாதவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தொடரைப் பற்றியும் புதிய பையனைப் பற்றியும் மரியாதையாக, நெகிழ்ச்சியாக, ஐந்து நிமிஷம் விளக்கினார். அந்தப் பக்கம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்த அய்யப்பன் சார், முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பையனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிட்டீகளா?"

மாதவன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பையன் கறுப்புக் கண்ணாடியோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"மாட்டியாச்சு சார்" என்றார் மெல்ல.

"அதைக் கழட்டிட்டு, சனிக்கிழமை வாங்க. பேசுவோம்" என்று வைத்துவிட்டார் அய்யப்பன் சார்.

செல்வலட்சுமி காத்திருந்த கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "அடுத்து யாருண்ணே? எத்தனை காப்பி?"